கூடத்துக்குள் மலைக்காற்று

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர்ப் பக்கம் களத்தில் சாமை தூற்றுகிறவர்கள் முறத்தைத் தூக்கிப் பிடித்துக் காற்றுக்காகக் காத்திருப்பார்கள். ஒரு வீச்சு வரும், நிற்கும், திசை மாறி அடுத்தது வரும். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று நாம் கேட்பது சராசரி வேகம். கட்டடத்தை உலுக்குவதோ இந்த வீச்சுகள்தான்.

இந்தக் காற்றைக் கூடத்துக்குள் உண்டாக்க முடியுமா? சென்னை தரமணியில், கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தின் காற்றுச் சுரங்கத்தில் அதைச் செய்கிறார்கள். விமானச் சோதனைக்கான சுரங்கத்தில் காற்று சீராக வரவேண்டும். இங்கே சீரான காற்றை வேண்டுமென்றே கலைக்கிறார்கள். இத்தகைய சுரங்கத்தின் நுழைவாயிலில், அடி அகன்று நுனி குறுகிய தூண்களை வரிசையாக நிறுத்துவார்கள். அடியில் தடை அதிகம், அதனால் தரையருகே காற்று தளரும், மேலே விரையும். பிறகு தரை நெடுகச் சிறு கட்டைகள். திறந்த வயல்வெளி என்றால் தாழ்வானவை, நகரம் என்றால் உயரமானவை. அவற்றில் மோதிச் சுழன்று, பல மீட்டர் தூரம் கடந்த பிறகே காற்று மாதிரிக் கட்டடத்தை அடையும். மாதிரியின் மேல் உள்ள நுண்துளைகள் வழியே அழுத்தத்தை அளப்பார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? 1965 நவம்பர் 1 அன்று இங்கிலாந்தின் ஃபெரிபிரிட்ஜ் மின்நிலையத்தில் எட்டுக் குளிர்விப்புக் கோபுரங்களில் மூன்று புயல்காற்றில் சரிந்தன. வடிவமைப்பில் சராசரிக் காற்றைத்தான் கணக்கில் எடுத்திருந்தார்கள். நொடிப்பொழுது வீச்சுகளை விட்டுவிட்டார்கள். முன்வரிசைக் கோபுரங்கள் கலைத்துவிட்ட காற்று பின்வரிசையைத் தாக்கும் என்பதையும் சோதித்திருக்கவில்லை.

மலையில் இன்னொரு சிக்கல். சரிவில் ஏறும் காற்று முகட்டில் நெருக்குண்டு வேகம் கூட்டும். இந்தியத் தர விதி ஐஎஸ் 875, மலைமுகட்டுக்கு வேகத்தை 1.36 மடங்கு வரை உயர்த்திக் கணக்கிடச் சொல்கிறது. விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால், அது ஏறத்தாழ 1.85 மடங்கு ஆகிவிடும். சமவெளிக்குப் போட்ட ஆணியும் கொக்கியும் முகட்டுத் தகரக்கூரைக்குப் போதாது.

ஜவ்வாது மலைத்தொடரின் காவலூரில், 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியில் விண்மீன் துடிப்பதும் காற்றுக் கொந்தளிப்பால்தான். ஆனால் அந்தத் துடிப்பு வெப்ப வேறுபாட்டால் வருவது. பலத்த காற்றில் வெப்பத்தின் பங்கு சிறிது. ஆகவே கட்டடச் சோதனையில் பெரும்பாலும் அதை விட்டுவிடலாம்.

இத்தகைய சுரங்கங்களுக்குப் பெரும்பாலும் உயர்ந்த கட்டடங்களும் புகைபோக்கிகளும் பாலங்களுமே வருகின்றன. ஜவ்வாது முகடு ஒன்றைச் சிறிதாக்கி, அதன் மேல் ஒரு பள்ளிக்கூடத்தின் கூரையை வைத்தும் தரமணிச் சுரங்கத்தில் காற்றைச் செலுத்திப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.