கூரையில் செருகிய இலை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமயப் பொறை பற்றிப் பேசுமாறு உங்கள் செயலாளர் கேட்டபோது யான் உடனே இசையவில்லை. இப்பொருள் பற்றி மேடைதோறும் பேசப்படுவது ஒன்றே. எல்லா ஆறுகளும் கடலிற் சேரும் என்பர், கை தட்டுவர், வீடு செல்வர். ஆயின் செயலாளர் வேறொரு செய்தியும் சொன்னார். நமது தீவுப் பகுதியில் மாட்டிறைச்சி விற்பதைத் தடை செய்ய வேண்டும் எனச் சங்கம் தீர்மானம் நிறைவேற்றி அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டுமென இளைஞர் சிலர் கேட்டிருக்கின்றனராம். பெரியோருட் சிலரும் அதற்கு ஆதரவாம். அதைக் கேட்ட பின்னரே வருவதாக ஒப்புக்கொண்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யான் மச்சம், மாமிசம் தொடாதவன். இறைச்சிக் கடைக்கு வக்காலத்து வாங்க வந்தவன் என எவரும் எண்ண வேண்டாம். நாவலர் பெருமான் புலால் உண்ணலைக் கடிந்ததை முழுமனத்தோடு ஏற்பவன் யான். ஆயினும் நாவலர் கடிந்தது பெரும்பாலும் நம்மைத்தான். நாம் கடிய விரும்புவதோ அடுத்த வீட்டுக்காரனை. இந்தத் தீர்மானத்துக்குக் கையொப்பம் இட்டோருள் எத்தனை பேர் வீட்டில் சனிக்கிழமை சுறா வறை மணக்கிறது என்று யான் கேட்கப் போவதில்லை. தீவான் மீனை விட்டிருப்பது எளிதன்று.

1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. கோயில்கள் இடிக்கப்பட்டன. 1658 இல் ஒல்லாந்தர் வந்த பின்னும் சைவத்துக்கு விடிவில்லை. அக்காலத்தில் நம் முன்னோர் விரத நாட்களில் ஒளித்துச் சமைத்தனர். உண்ட வாழையிலையை வெளியே எறிந்தால் எவரேனும் காட்டிக் கொடுப்பர் என அஞ்சி, அதனைக் கூரைக் கிடுகினுள் செருகி மறைத்தனர் என்பது செவிவழி வரலாறு. என் ஆச்சி விரதம் முடித்து உண்ட இலையைக் கூரையிற் செருகுவதைச் சிறு வயதில் யான் கண்டிருக்கிறேன். ஏன் என்று கேட்டால், "அது வழக்கம், மோனை" என்பார். அச்சம் போய் நெடுங்காலம் ஆகியும் அச்சத்தின் வழக்கம் போகவில்லை!

திருநெல்வேலி ஞானப்பிரகாச முனிவர் கதையும் நீங்கள் அறிந்ததே. போர்த்துக்கேய அதிகாரியின் உணவுக்கு வீட்டு முறைப்படி பசுக் கொடுக்க வேண்டும் என்பது கட்டளை. தம் முறை வருமுன் அவர் இரவோடிரவாகக் கடல் கடந்தார் என்றும், சிதம்பரத்தில் அவர் பெயரால் விளங்கும் குளம் அவர் திருப்பணியே என்றும் மரபு கூறும். பசுவுக்காக நாட்டையே துறந்தவர் அவர். இக்கதையை நாம் பெரும்பாலும் பசுவைப் பற்றிய கதையாகவே சொல்கிறோம். யானோ இதை ஆணையைப் பற்றிய கதையாகவும் கேட்கிறேன். அதிகாரம் அடுப்படிக்குள் புகுந்து, இதைக் கொடு, இதை உண்ணாதே என்று சொல்லத் தொடங்கினால் என்ன நேரும் என்பதை நம்மைவிட நன்கறிந்த சமூகம் இந்நாட்டில் உண்டோ?

2020 செப்டெம்பரில் மாடு அறுப்பதைத் தடை செய்யும் முன்மொழிவுக்கு அமைச்சரவை கொள்கையளவில் இசைந்தபோது நம்மவர் பலர் மகிழ்ந்தனர். மகிழ்ச்சி இயல்பே. ஆனால் 1972 ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஒரு சமயத்துக்கு முதன்மை இடம் கொடுத்ததையும், 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9 ஆம் உறுப்புரை அதனையே தொடர்ந்ததையும் எதிர்த்து நாம் இத்தனை காலம் பேசி வந்தோம். அரசு எல்லாச் சமயங்களுக்கும் பொதுவாய் நிற்க வேண்டும் என்றோம். அதுவே சமயச் சார்பின்மை. கோயில் வாசலில் அதனைக் கேட்டுவிட்டு, இறைச்சிக் கடை வாசலில் மட்டும் அரசே எம் பக்கம் வா என்று அழைத்தால் நம் சொல்லுக்கு என்ன மதிப்பு?

இனி நயினாதீவுக்கு வருவோம். குறிகட்டுவான் துறையில் ஒருநாட் காலை நின்று பாருங்கள். வெள்ளுடை உடுத்துப் பூத்தட்டு ஏந்திய தென்னிலங்கை யாத்திரிகரும், நேர்த்திக்கடன் சுமந்த நம்மவரும் ஒரே படகில் ஏறுவர். அவர்கள் நாகவிகாரைக்கு, நாம் நாகபூஷணி அம்பாளிடம். திரும்பும் முன் அவர்களிற் பலர் அம்மன் வாசலிலும் கைகூப்பி நிற்பர். அங்கே தொழுகைக்குப் பள்ளிவாசலும் உண்டு. அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் கல்வெட்டு ஒன்று உள்ளது. பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குரியது. பௌத்த சிங்கள மன்னன் தமிழில் இட்ட ஆணை அது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது நம் ஊர்காவற்றுறையில், வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் உண்டு என்கிறது. யானை, குதிரை ஏற்றிய மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு மட்டுமே பண்டாரத்துக்கு; மூன்று பங்கு உடையவனுக்கே. வேற்றூரானின் உடைந்த கப்பலைக்கூட முழுதும் விழுங்காத நீதி அது.

அக்கோயிலின் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். பௌத்த காப்பியமாகிய மணிமேகலையிலிருந்து எடுத்த பெயர் அது. மணிபல்லவம் நயினாதீவே என்று கொள்வோர் உண்டு. சைவக் கோயிலார் தம் சோற்று மண்டபத்துக்குப் பௌத்தக் காப்பியத்துப் பாத்திரத்தின் பெயரை இட்டிருக்கின்றனர்! பொறை பற்றி யான் ஒரு மணி நேரம் பேசுவதை அப்பெயர்ப் பலகை ஒரு சொல்லிற் சொல்லிவிடுகிறது. அங்கே இலை முன் அமர்ந்தவனிடம் நீ எச்சமயம் என்று எவரும் கேட்பதில்லை.

அமுதசுரபியை முதலில் வைத்திருந்தவன் யார்? ஆபுத்திரன். வேள்விக்குக் கட்டிய பசுவின் துயர் காணப் பொறாது, இரவில் அதனை அவிழ்த்துக்கொண்டு போனவன். அதற்காக அடிபட்டான், ஊரால் விலக்கப்பட்டான். அதன்பின் மதுரையில் குருடர், செவிடர், முடவர் எல்லோரையும் கூவி அழைத்துச் சோறிட்டான். உன் வீட்டில் என்ன கறி என்று ஒருவரையும் கேட்டதாகக் காப்பியத்தில் இல்லை. கடைசியில் ஆளில்லாத மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டபோது, கொடுக்க ஒருவரும் இல்லாத இடத்தில் யான் மட்டும் உண்பதோ என்று பாத்திரத்தைப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் துறந்தான். பசுவைக் காக்க விரும்பும் இளைஞர்கள் இவனை மறக்கலாகாது.

நயினாதீவைப் புகழ்ந்தேன், கறையையும் சொல்ல வேண்டும். 1958 ஆம் ஆண்டுக் கலவரத்தில் நாகவிகாரை தாக்கப்பட்டது. 1986 இல் அம்மன் கோயில் தாக்கப்பட்டுத் தேர் தீக்கிரையாயிற்று. இரண்டாவதை நாம் ஆண்டுதோறும் பேசுகிறோம், முதலாவதைப் பேசுவதில்லை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டதையும் நம் மலர்கள் அதிகம் எழுதவில்லை. திரும்பி வந்து கடை திறந்தவனிடம் முதன்முதலில் நாம் கொண்டுபோகும் கடிதம் இந்தத் தீர்மானமாக இருக்க வேண்டுமா?

என் தகப்பனாருக்கு ஊர்காவற்றுறையில் ஒரு கத்தோலிக்க நண்பர் இருந்தார். நாம் போகும் நாட்களுக்கென்று அவர் மனைவி புறம்பாகச் சைவச் சட்டி ஒன்று வைத்திருந்தார். மீன் அதில் ஒருநாளும் ஏறியதில்லை. தவக்காலத்தில் அவர்களும் ஒருசந்தி இருப்பர். சொல்லும் நம்முடையதே, விரதமும் நம்முடையதைப் போன்றதே. அந்தத் தாய் எங்களை மதித்து ஒரு சட்டி வைத்தார். எங்கள் வீட்டிலோ அவர்களுக்கு வேறு கோப்பை இருந்தது. இரண்டும் புறம்பு வைத்தல்தான். ஒன்று மதிப்பினால், மற்றது தீட்டினால். இதனை நான் உணர நாற்பது வயதாயிற்று.

இங்கேதான் பெரியோர் சற்றுப் பொறுக்க வேண்டும். பிற சமயத்தானை விடுங்கள். நம் சமயத்தானையே நாம் எங்கே இருத்தினோம்? ஒரே அம்மனைக் கும்பிட்டவனைப் புறப்பந்தியில் வைத்தோம். அவன் வீட்டுக்குப் போனால் தண்ணீர் வேண்டாம், இளநீர் வெட்டித் தா என்றோம். 1957 ஆம் ஆண்டிலேயே சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதன்பின் பதினொரு ஆண்டு கழித்து, 1968 இல், மாவிட்டபுரம் கோயில் வாசலில் மக்கள் உள்ளே போகப் போராட வேண்டியிருந்தது. இன்று பந்தி ஒன்றுதான் என்பீர்கள். கோயிலில் ஒன்றாயிருக்கலாம். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் ஒன்றா என்பதை உங்கள் நெஞ்சு சொல்லும்.

ஆகவே இளைஞர்களே, அந்தத் தீர்மானத்தை யான் ஆதரிக்க மாட்டேன். பசுவைக் காக்க வேண்டுமாயின் வழியுண்டு. வறட்சிக் காலத்தில் மேய்ச்சலும் தண்ணீரும் இன்றி மாடுகள் மெலிவதை நெடுந்தீவிலும் வேலணையிலும் காண்கிறோம். கிழட்டு மாட்டைத் தரகனிடம் விற்பவன் முஸ்லிம் அல்லன். பால் கறந்து முடித்த நாம்தான். சங்கம் ஒரு தொட்டி கட்டட்டும், வைக்கோல் சேர்க்கட்டும், விற்க வந்த மாட்டை விலை கொடுத்து வாங்கட்டும். முதற் பணமாக என் ஓய்வூதியத்தில் ஒரு மாதத்துத் தொகையைத் தலைவரிடம் இன்றே கொடுத்துவிட்டுப் போகிறேன். தீர்மானத்தின் முன்வரைவு அவர் மேசை மேல் இருக்கிறது. அதன் பின்புறம் வெறுந்தாளே; பணம் தருவோர் பெயரை அதில் எழுதிக்கொள்ளலாம்.