பள்ளி ஆட்சியில் நமக்குள்ள பங்கு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இருப்புப்பாதை நிலையத்தில் கணக்கெழுதிப் பிழைப்பவன் நான். பள்ளி ஆட்சியைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்களாயின், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தந்தை என்னும் தகுதி ஒன்றைத் தவிர வேறில்லை என்பேன். ஆயினும் வியப்பு என்னவெனில், இந்நாட்டின் சட்டமும் அந்தத் தகுதி ஒன்றையே கேட்கிறது.

2009-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றி, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வியுரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் மேலாண்மைக் குழு ஒன்று இருத்தல் வேண்டும். அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் அப்பள்ளியில் பயிலும் பிள்ளைகளின் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருத்தல் வேண்டும். உறுப்பினருள் பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். நலிந்த பிரிவினர்க்கு அவர்தம் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் தரவேண்டும் என்கிறது அப்பிரிவு. பட்டம் பெற்றவரா, கையொப்பமிடத் தெரிந்தவரா என்ற கேள்வியே அதில் இல்லை. பள்ளி நடைபெறும் முறையைக் கண்காணித்தல், வளர்ச்சித் திட்டம் வகுத்தல், வந்த பணம் எவ்வாறு செலவாயிற்று என்று பார்த்தல் ஆகியவை அக்குழுவின் கடமைகள். தனியார் பள்ளிகள் அரசு உதவி பெறாதனவாயின் அவற்றிற்கு இப்பிரிவு பொருந்தாது. மாதந்தோறும் ஆயிரக்கணக்கில் கட்டணம் செலுத்தும் பெற்றோர்க்கு இல்லாத அதிகாரம், கட்டணமே செலுத்தாத பெற்றோர்க்கு இருக்கிறது. நம் குடியிருப்பில் தனியார் பள்ளிப் பேருந்துக்காகக் காலை ஏழு மணிக்கே காத்து நிற்கும் அன்பர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

நம் ஆந்திர மாநிலம் இதில் நாட்டின் சட்டத்திற்கும் முந்திக்கொண்ட மாநிலமாகும். 1998-ஆம் ஆண்டிலேயே, பள்ளிக் கல்வியில் மக்கள் பங்கேற்புக்கெனத் தனிச் சட்டம் இயற்றிப் பெற்றோர் குழுக்களை இங்கே அமைத்தனர். தமிழ்நாட்டிலோ இம்முயற்சிக்கு வேறொரு தொடக்கம் உண்டு. காமராசர் முதலமைச்சராகவும், நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1958-ஆம் ஆண்டு, சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் நாம் நன்கறிந்த கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கிற்று. ஊரார் கூடித் தம் பள்ளிக்கு என்னென்ன குறை என்று பட்டியலிட்டு, பலகையும் நாற்காலியும் சீருடையும் கட்டடமும் தாமே வழங்கினர். அது மாபெரும் இயக்கமாய் வளர்ந்து பல ஊர்ப் பள்ளிகளுக்கு உயிரூட்டியது. எனினும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க இயலாது. அவ்வியக்கம் ஊராரிடம் கொடுக்கும் கையைத்தான் பெரிதும் கேட்டது. கருத்துச் சொல்லும் வாயை அவ்வளவாகக் கேட்கவில்லை. ஐம்பது ஆண்டு கழித்து வந்த சட்டம் அந்த வாயையும் கேட்கிறது. நாம்தான் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை? ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்லுகிறேன், பெயர் வேண்டா. கூட்டத்திற்கு வந்த தாய்மார் அமர்ந்ததும் குறிப்பேடு ஒன்று சுற்றி வந்தது. தீர்மானங்கள் முன்னரே தெலுங்கில் எழுதப்பட்டிருந்தன. கீழே கையொப்பத்திற்கு இடம் விடப்பட்டிருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராய் ஒப்பமிட்டனர். இருப்புப்பாதைப் பராமரிப்புப் பிரிவில் பணிபுரியும் தோழர் ஒருவரின் மனைவியார் மட்டும், "இதில் என்ன எழுதியிருக்கிறது, படித்துக் காட்டுங்கள் ஐயா, கேட்டுவிட்டுப் போடுகிறேன்" என்றார். படித்துக் காட்டினர். குடிநீர்த் தொட்டி தூய்மை செய்யப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. "தொட்டிக்கு மூடியே இல்லையே, நேற்றுக்கூடப் பார்த்தேனே" என்றார் அந்த அம்மையார். அவ்வளவுதான். சண்டையில்லை, சச்சரவில்லை. வரி திருத்தப்பட்டது, பத்து நாளில் மூடியும் வந்தது. ஒப்பமிடுவதற்கு முன்னே கேட்ட ஒரு கேள்வியின் பயன் அது.

நம் மாநிலத்தில் 2019 நவம்பர் 14-ஆம் நாள் ஓங்கோலில் தொடங்கப்பெற்ற நாடு–நேடு திட்டத்தில் பெற்றோர் குழுக்களுக்கு உண்மையான வேலை கிடைத்தது. முதற்கட்டத்தில் பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் கழிவறை, குடிநீர், மின்விளக்கு, மேசை நாற்காலி, சுற்றுச்சுவர் முதலிய பணிகளை அக்குழுக்களின் வழியே செய்வித்தனர். சிமெண்டு மூட்டையை எண்ணவும் மணல் வண்டியை அளக்கவும் பெற்றோர் பழகினர். இது நன்று. ஆனால் அதே காலத்தில் நிகழ்ந்த வேறு இரண்டு செய்திகளையும் உங்கள்முன் வைக்கவேண்டும்.

முதலாவது பயிற்று மொழி. 2019 நவம்பரில், அரசுப் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்று மொழி என்று அரசாணை வந்தது. சுவருக்கு எந்த வண்ணம் பூசுவது என்று பெற்றோர் குழுவைக் கேட்டவர்கள், பிள்ளை எம்மொழியில் படிப்பது என்பதைக் கேட்கவில்லை. வழக்குத் தொடுத்தனர். 2020 ஏப்ரல் 15-ஆம் நாள் உயர்நீதிமன்றம் அவ்வாணையைச் செல்லாதென்று தள்ளியது. பின்னரே அரசு பெற்றோரிடம் விருப்பத்தை எழுதி வாங்கியது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர்க்கு மேல் ஆங்கில வழியையே விரும்பினர் என்றும் அறிவித்தது. பயிற்று மொழி எதுவாதல் நலம் என்ற வழக்கிற்குள் நான் புகவில்லை. அதில் எனக்கும் என் இல்லத்தாருக்குமே ஒத்த கருத்தில்லை. நான் சொல்ல வந்தது வேறு. முதலிலேயே கேட்டிருந்தால், அரசு விரும்பிய விடையே வந்திருக்கக்கூடும். வழக்கு மன்றத்திற்கும் வேலை இருந்திராது.

இரண்டாவது செய்தி நம் போன்ற சிற்றூர்களை இன்னும் நெருங்கித் தொட்டது. 2022-ஆம் ஆண்டு 117-ஆம் எண்ணுள்ள அரசாணையால், தொடக்கப் பள்ளிகளின் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளை அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளிகளோடு சேர்த்தனர். ஒவ்வொரு பாடத்திற்கும் தனி ஆசிரியர் கிடைப்பார் என்பது அரசு கூறிய காரணம். அதில் நியாயமும் இல்லாமற் போகவில்லை. ஆனால் எட்டு வயதுக் குழந்தை எந்தச் சாலையைக் கடந்து அந்தப் பள்ளிக்குச் செல்லும், அச்சாலையில் எத்தனை சரக்குந்து ஓடும், மழைநாளில் ஓடை நிரம்பினால் வழி என்ன என்பதெல்லாம் தலைநகரில் இருப்போர்க்கு எவ்வாறு தெரியும்? சித்தூர்–திருப்பதி நெடுஞ்சாலையின் ஓரத்தில் குடியிருக்கும் புத்தலப்பட்டுத் தாய் ஒருத்திக்குத் தெரியும், வகுப்பாசிரியர்க்குத் தெரியும், ஏன், அந்தக் குழந்தைக்கே தெரியும். பல ஊர்களில் பெற்றோர் தெருவில் இறங்கினர். ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. 2025-இல் அவ்வாணை நீக்கப்பட்டது. இடைப்பட்ட மூன்றாண்டுகளில் மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை ஏறிய பிள்ளைகளின் காலத்தை யார் திருப்பித் தருவார்?

ஆக, சிறியவற்றில் நம்மைக் கேட்கின்றனர். பெரியவற்றில் முடிவு செய்தபின் தெரிவிக்கின்றனர். 2024 டிசம்பர் 7-ஆம் நாள் மாநிலம் முழுவதும் ஒரே நாளில் பெற்றோர்–ஆசிரியர் பெருங்கூட்டம் நடத்தினர். 2025 ஜூலையிலும் நடத்தினர். திருவிழாப் போல இருந்தது, உணவும் நன்று. ஆயினும் ஆண்டுக்கொரு நாள் தேரோட்டம் போதுமா? அன்றாட வழிபாடன்றோ கோயிலை நடத்துவது!

இருப்புப்பாதைத் தொழிலாளராகிய நமக்கு இவ்வகையில் ஒரு பழக்கம் உண்டு. 1952-ஆம் ஆண்டு தொடங்கி, பி.என்.எம். எனப்படும் நிலையான பேச்சுவார்த்தை அமைப்பு நம் துறையில் நடந்து வருகிறது. கோட்ட அளவில் இரு திங்களுக்கு ஒரு முறையேனும் சங்கப் பொறுப்பாளரும் அதிகாரிகளும் நேருக்கு நேர் அமர்கின்றனர். பேசவேண்டிய பொருள் முன்னரே எழுத்தில் போகிறது. ஒவ்வொன்றிற்கும் எண் உண்டு. சென்ற கூட்டத்தில் ஒப்புக்கொண்டது நடந்ததா என்று முதலில் கேட்கப்படுகிறது. முடியாதது மேல்மட்டத்திற்குச் செல்கிறது. குடியிருப்பின் கழிவுநீர்க் குழாய் முதல் பணிநேரம் வரை அம்மேசையில் பேசப்பட்டிருக்கிறது. எல்லாம் நிறைவேறின என்று யாரும் சொல்லமாட்டார். பத்தாண்டு நிலுவையில் கிடக்கும் பொருள்களையும் நான் அறிவேன். ஆனால் கேட்டது பதிவாகிறது. மறுத்தால் காரணம் எழுதவேண்டியிருக்கிறது. நடுவணரசு வகுத்த விதிகளும் பள்ளிக் குழு மாதம் ஒரு முறையேனும் கூடவேண்டும், நடவடிக்கைக் குறிப்பு மக்கள் பார்வைக்குக் கிடைக்கவேண்டும் என்றே சொல்லுகின்றன. அலுவலகத்தில் எண்ணிட்டுக் கேட்கத் தெரிந்த நாம், பள்ளியில் கைகட்டி நிற்பது ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஆசிரியர்களைப் பற்றி ஒரு சொல். பெற்றோர்க்கு அதிகாரம் என்றதும் ஆசிரியரை அதட்டும் அதிகாரம் என்று நம்மவருள் சிலர் கொள்கின்றனர். அஃது அறியாமை. கழிவறையைப் படமெடுத்துச் செயலியில் ஏற்றும் வேலைகூட ஆசிரியர் தலையில் விழுந்த காலம் இம்மாநிலத்தில் உண்டு. பாடம் சொல்லித்தரும் நேரத்தை இவ்வாறு பறிக்கலாமா என்று அவர்கள் தனித்துக் கேட்டால் ஒழுங்கு நடவடிக்கைக்கு அஞ்சவேண்டும். குழுவில் பெற்றோரோடு சேர்ந்து தீர்மானமாகக் கேட்டால் அஞ்ச வேண்டுவதில்லை. குழுவில் அவர்களுக்குரிய இடம் மிகச் சிறிது. அச்சிறு இடத்திலிருந்து அவர்கள் பேசுவதை நாம் செவிமடுத்தாலன்றி, நான்கில் மூன்று பங்கு பெற்றும் நாம் குருடரே.

மாணவர்க்கோ இன்னும் சிறிய இடம். பெற்றோர்க்குப் போக எஞ்சிய நான்கில் ஒரு பங்கையும் மூன்றாகப் பிரித்து, உள்ளாட்சி உறுப்பினர்க்கு ஒன்று, ஆசிரியர்க்கு ஒன்று, மூன்றாவது உள்ளூர்க் கல்வியாளர்க்கு "அல்லது" மாணவர்க்கு என்று மாதிரி விதி கூறுகிறது. இந்த "அல்லது" என்ற சொல்லில்தான் குழந்தைகள் வெளியே நிறுத்தப்படுகின்றனர்.

சிறுவர்க்கு என்ன தெரியும் என்பீர்கள். இராசத்தான் மாநிலத்தில், அஜ்மீர் மாவட்டத்துத் திலோனியா என்னும் சிற்றூரை நடுவாகக் கொண்டு இரவுப் பள்ளிகள் நடந்து வந்தன. பகலெல்லாம் ஆடுமாடு மேய்த்த பிள்ளைகள் விளக்கொளியில் படித்தனர். அப்பிள்ளைகளே வாக்களித்துத் தம் பாராளுமன்றத்தை 1993-ஆம் ஆண்டு முதல் தேர்ந்தெடுத்தனர். பிரதமரும் அமைச்சரும் அவர்களுள்ளேயே. ஆசிரியர் நேரத்திற்கு வருகிறாரா, விளக்கு எரிகிறதா, குடிநீர் இருக்கிறதா என்று அவர்கள் பார்த்து வந்து சொன்னவற்றைப் பெரியவர்கள் கேட்டாகவேண்டும் என்பது ஏற்பாடு. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரின் பிள்ளைகள் அவர்கள்.

கடல் கடந்தும் ஒன்று சொல்லுவேன். ஏ. எஸ். நீல் என்பவர் 1921-இல் தோற்றுவித்த, இங்கிலாந்தில் உள்ள சம்மர்ஹில் பள்ளியில், பள்ளி விதிகளைக் கூட்டத்தில் வாக்கெடுத்தே செய்கின்றனர். சிறு பிள்ளைக்கும் ஒரு வாக்கு, தலைமையாசிரியர்க்கும் ஒரே வாக்கு. அரசு அப்பள்ளிமேல் நடவடிக்கை எடுத்தபோது வழக்கு நடந்து, 2000-ஆம் ஆண்டு சமரசம் பேசப்பட்டது. அதனை ஏற்பதா வேண்டாவா என்று இலண்டன் நீதிமன்றக் கூடத்திலேயே மாணவர்கள் கூட்டம் நடத்தி வாக்கெடுத்தனர். பாடத்திற்கு வருவதும் வராததும் மாணவர் விருப்பம் என்னும் அப்பள்ளியின் வழக்கம் நமக்கு ஒத்துவராது; என் பிள்ளைகள் இங்கே அமர்ந்திருப்பதால் அதனை விரிக்கவும் அஞ்சுகிறேன். ஆனால் நண்பகல் உணவில் உப்பு மிகுந்ததா, மாணவியர் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதை மாணவரைக் கேளாது வேறு யாரைக் கேட்பது?

இனி, தமிழ்க் குடும்பத்தாராகிய நம்முடைய செய்திக்கு வருகிறேன். குழுத் தேர்தல் வரும்போதெல்லாம் நம்மவர் கூறும் விடை ஒன்றுண்டு: "நாம் பிழைக்க வந்தவர்கள்; இன்றைக்கு இங்கே, நாளை மாறுதல் வந்தால் வேறெங்கோ; ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்." சட்டம் ஊர்க்காரரா என்று கேட்கவில்லை, பிள்ளை படிக்கிறதா என்று கேட்கிறது. மேலும், சித்தூர்ச் சீமையில் தமிழ் பிழைக்க வந்த மொழியும் அன்று. 1960 ஏப்ரல் முதல் நாள் எல்லை மாற்றத்தில் திருத்தணி அங்கே சென்றது. சத்தியவேட்டுப் பகுதி இங்கே வந்தது. குப்பத்திலும் நகரியிலும் வழிவழியாய்த் தமிழ் பேசுவோர் வாழ்கின்றனர்.

தொடக்கக் கல்வியைச் சிறுபான்மையினர் தாய்மொழியில் பெற வசதி செய்யவேண்டும் என்று அரசியலமைப்பின் 350-அ பிரிவு கூறுகிறது. ஒரு வகுப்பில் பத்துப் பேர், அல்லது பள்ளி முழுவதிலும் நாற்பது பேர் இருந்தால் அம்மொழி ஆசிரியரை அமர்த்தவேண்டும் என்று 1949-ஆம் ஆண்டுக் கல்வியமைச்சர் மாநாட்டிலேயே முடிவு கண்டனர். அந்தப் பத்தும் நாற்பதும் எங்கிருந்து எண்ணப்படும்? சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து. அதில் தாய்மொழி என்று ஒரு கட்டம் உண்டு. "எதற்கு வம்பு" என்று அக்கட்டத்தில் தெலுங்கு என்று எழுதச் சொன்ன தந்தையரை நான் அறிவேன். தெலுங்கு இனிய மொழி. நம் பிள்ளைகள் அதனை நன்றாகக் கற்கட்டும். ஆசிரியராலும் அண்டை வீட்டாராலும் நாம் அம்மொழியிலேயே அன்பு பெறுகிறோம். ஆனால் பதிவேட்டில் இல்லாத தமிழ்ப் பிள்ளைக்காகத் தமிழாசிரியர் வேண்டும் என்று எந்தக் குழுவில் யார் கேட்க முடியும்?

ஆகவே சங்கத்தின் செயற்குழுவினர் இசைவோடு ஓர் ஏற்பாட்டைத் தெரிவிக்கிறேன். வரும் சேர்க்கைக் காலத்திற்கு முன் அவரவர் பிள்ளையின் பதிவேட்டுக் கட்டத்தைப் பார்த்து வாருங்கள். தவறாயிருந்தால் திருத்தம் கோரும் மனுவைச் சங்க அறையில் நாங்கள் எழுதித் தருவோம். குழுவில் உறுப்பினராய் உள்ள தாய்மார் நால்வர் இங்கே இருக்கின்றனர். கூட்ட நாளுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மாலை அவர்கள் சங்க அறைக்கு வந்தால், தெலுங்கு படிக்கத் தெரிந்த இளைஞர் இருவர் சென்ற மாதக் குறிப்பைப் படித்துப் பொருள் சொல்லுவர். கேட்கவேண்டியவற்றை எண்ணிட்டு எழுதிக் கொடுப்பது என் வேலை. மாணவ மாணவியரும் அன்று வரலாம்; அவர்கள் சொல்லும் குறைகளுக்கெனத் தனி ஏடு ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். முதல் கூட்டம் அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு.