பட்டியலின் முதல் வரி போதாது

ஒரு புரதத்தின் வரிசையைக் கணினியில் கொடுப்பது, பிளாஸ்ட் என்னும் வரிசைத் தேடல் நிரல் தரும் பட்டியலில் முதலில் நிற்கும் பெயரை அப்படியே குறித்துக்கொள்வது: இன்று பலருக்கும் இதுவே பழக்கமாகிவிட்டது. வேறு மரபணுக்களுக்கு இது சரிப்பட்டு வரலாம். செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்திழுக்கும் இடம் சென்ட்ரோமியர்; அங்கே கூடும் புரதத் தொகுதி கைனெட்டோகோர். ஈஸ்டின் இந்தப் புரதங்களிடம் அந்தப் பழக்கம் செல்லாது.

சென்ட்ரோமியரில் அமரும் சிஎஸ்இ4 புரதத்தைப் பாருங்கள். ரொட்டி ஈஸ்டில் அதன் நீளம் 229 அமினோ அமிலங்கள். பின்பகுதி, சாதாரண ஹிஸ்டோன் எச்3-ஐ 60 சதவீதத்துக்கு மேல் ஒத்திருக்கும். அதனால் இதை வைத்து வேறொரு ஈஸ்டில் தேடினால் எச்3-களும் கூடவே வந்து நிற்கும். எப்படிப் பிரிப்பது? ஹிஸ்டோன் மடிப்பின் முதல் வளைவில் இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் கூடுதலாக இருக்கும். முன்பக்க வாலோ எச்3-இன் வாலைவிட மிக நீளம். அதற்கு எச்3-இல் இணையே கிடையாது. ஒத்துப்போகும் பகுதி குடும்பத்தைக் காட்டும். ஒத்துப்போகாத பகுதிதான் ஆளைக் காட்டும். ஒப்புமை மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவர் இதைத் தவறவிடுவார்.

மிஃப்2 என்னும் இன்னொரு சென்ட்ரோமியர் புரதத்தின் கதை இதற்கு நேர்மாறு. அதன் நீளம் 549. மனிதரில் அதற்கு இணையான சென்ப்-சி 943. முழுநீளமாக ஒப்பிட்டால் உறவு எளிதில் புலப்படாது. இருபத்துச் சொச்சம் அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு இரண்டிலும் தெளிவாக நிலைத்திருக்கிறது. அதிலுள்ள ஓர் ஆர்ஜினின், டிஎன்ஏ சுற்றிய ஹிஸ்டோன் கட்டான நியூக்ளியோசோமின் எதிர்மின்சுமைப் பரப்பில் போய் ஊன்றுகிறது. அந்தப் பிடி தளர்ந்தால் வேலை கெடும். அதனால்தான் அது மாறவில்லை.

ஆனால் இந்தத் துறையின் மிக அழகான வேலை கேண்டிடா என்ற வேறொரு ஈஸ்டில் நடந்தது. ரொட்டி ஈஸ்டில் 1980-இல் லூயிஸ் கிளார்க்கும் ஜான் கார்பனும் பிரித்தெடுத்த சென்ட்ரோமியர் வகைக்குச் சுமார் 125 டிஎன்ஏ எழுத்துகளே போதும். அந்த அச்சை வைத்துக் கேண்டிடா அல்பிகன்ஸில் தேடினால் ஒன்றும் அகப்படாது. கௌஸ்துவ் சன்யாலும் கார்பனும் முதலில் புரதத்தைப் பிடித்தார்கள்: வரிசை ஒப்பீட்டில் கேண்டிடாவின் சிஎஸ்இ4. பிறகு அந்தப் புரதம் அமர்ந்திருந்த டிஎன்ஏவை. எட்டுக் குரோமோசோம்களிலும் சென்ட்ரோமியரின் வரிசை வெவ்வேறு என்பது 2004-இல் தெரிந்தது. முதலில் புரதம், பிறகு டிஎன்ஏ. இந்த வரிசைமுறைதான் முக்கியம்.

2008-இல் சன்யாலின் பெங்களூருக் குழு, சென்னை கணித அறிவியல் கழகத்தின் ராகுல் சித்தார்த்தனோடு சேர்ந்து, நெருங்கிய உறவான கேண்டிடா டப்ளினியென்சிஸைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. குரோமோசோமில் சென்ட்ரோமியர் இருக்கும் இடம் இரண்டிலும் ஒன்றே. அங்குள்ள டிஎன்ஏ மட்டும், மரபணுக்களுக்கு இடைப்பட்ட மற்றப் பகுதிகளைவிட வேகமாக மாறியிருந்தது.