அல்கோல்: 69 மணி நேரத்துக்கு ஒரு தடவை மங்கும் நட்சத்திரம்

இன்னைக்கு எபிசோடுக்கு டெலஸ்கோப் வேண்டாம். கண்ணும் கடிகாரமும் போதும்.

1782, இங்கிலாந்தின் யார்க் நகரம். ஜான் குட்ரிக்குக்கு வயசு 18. குழந்தையா இருக்கும்போதே காது கேட்காமல் போனவர். பெர்சியஸ் மண்டலத்தில் இருக்கும் அல்கோல் ஒரு ராத்திரி வழக்கத்தைவிட மங்கலா இருப்பதைக் கவனிக்கிறார். விடாம குறிச்சு வெச்சுப் பார்த்தா, அந்த மங்கல் திரும்பத் திரும்ப வருது. இன்றைய கணக்கில் 2 நாள் 20 மணி 49 நிமிஷத்துக்கு ஒரு தடவை. வெளிச்சம் மூணில் ஒரு பங்காக் குறைஞ்சு, மறுபடி ஏறுது. முழுசா முடிய சுமார் 10 மணி நேரம்.

"இருட்டான ஏதோ ஒண்ணு குறுக்கே போகுதோ?" இது குட்ரிக் சொன்ன ஒரு விளக்கம். 1783-ல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் கிடைச்சது. 21 வயசில் இறந்துட்டார். அவர் ஊகம் சரிதான்னு 1889-ல் ஜெர்மனியில் ஹெர்மன் வோகல் நிறமாலையை வெச்சு நிரூபிச்சார்.

இந்த மறைப்பு விளையாட்டில் இருப்பது ஒருத்தர் இல்ல, ரெண்டு பேர். பிரகாசமான ஏ, சூரியனைப் போல 3 மடங்குக்கு மேல் நிறை. மங்கலான பி, சூரியனில் 0.7 பங்கு நிறைதான், ஆனா ஏ-வைவிடப் பெருசா வீங்கியிருக்கு. நடுவில் இடைவெளி சுமார் 90 லட்சம் கிலோமீட்டர். சூரியனுக்கும் புதனுக்கும் நடுவே இருப்பதில் ஆறில் ஒரு பங்குதான்!

இங்கதான் சிக்கல். நிறை அதிகமான நட்சத்திரம் எரிபொருளை வேகமா செலவழிச்சு சீக்கிரம் வயசாகும். இங்கே ரெண்டும் ஒண்ணாப் பிறந்தவை. ஆனா லேசான பி கிழமாயிடுச்சு, கனமான ஏ இளமையா இருக்கு. அப்போ தியரியே தப்பா?

டீபக் பண்றவங்களுக்கு இது தெரியும்: இப்போ இருக்கிற ஸ்டேட்டை மட்டும் பார்த்தா பக் மாதிரிதான் தோணும், ஹிஸ்டரியைப் பார்க்கணும். ஒரு காலத்தில் பி-தான் கனமானது. வயசாகி வீங்கினப்போ, அதன் வெளி அடுக்குகள் ஏ-வின் ஈர்ப்புக்குள் வழிஞ்சு போயிடுச்சு. பி இளைச்சுது, ஏ கனத்துச்சு. தியரி தப்பிச்சது.

டிசம்பர் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல மொட்டை மாடியில் வடக்கே பாருங்க. மங்கும் நேரத்தை நெட்டில் தேடிக்கோங்க. பக்கத்து நட்சத்திரங்களோட ஒப்பிட்டு, மணிக்கு ஒரு தடவை குறிச்சு வைங்க. குட்ரிக் செஞ்சதும் இதேதான்.

அடுத்த வாரம் சந்திப்போம்.