மலைநடைக்காரருக்குச் சைக்கிள் பற்றிச் சில வார்த்தைகள்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியரை மேடையில் ஏற்றினால் நீரிழிவு, கொலஸ்ரரோல் என்று தொடங்கிவிடுவார் என்ற பயம் சிலருக்கு இருக்கும். இன்று அவை இடையில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். எங்கள் வகுப்பைச் சேர்ந்த ஆறு பேர் சில ஆண்டுகளாகச் சேர்ந்து செய்துவரும் ஒரு காரியத்தைப் பற்றிப் பேசும்படி எங்களைக் கேட்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு வைத்தியர், ஓர் ஆசிரியை, வங்கியில் ஒருவர், லண்டனிலிருந்து ஒருவர், ரொறொன்ரோவிலிருந்து ஒருவர்.

எங்கள் பழைய மாணவிகளில் இப்போது மலைநடைக்குப் போகாதவர்களே குறைவு போலிருக்கிறது. வட்ஸ்அப்பைத் திறந்தால் ஒருவர் வேல்ஸ் மலையில் நிற்கிறார், இன்னொருவர் கனடாவின் புரூஸ் ட்ரெயிலில் நிற்கிறார். இங்கே இருப்பவர்களுக்கு ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ், சிவனொளிபாதமலை. இப்போது 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கும் மேல் நீளும் பீகோ ட்ரெயிலும் சேர்ந்துவிட்டது. நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம், இன்னும் போய்க்கொண்டும் இருக்கிறோம். நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஆண்டில் ஒருதடவையாவது அந்த முதுகுப்பையை இறக்கிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு நீங்கள் புறப்பட்டால் என்ன?

மலைநடை போகிறவருக்குத்தான் இதைச் சொல்கிறோம். வேண்டியவற்றில் முக்கால்வாசி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. விடிய நான்கரைக்கு எழும்பத் தெரியும். இரண்டு உடுப்போடு மூன்று நாளைச் சமாளிக்கத் தெரியும். தண்ணீர் எங்கே முடியும் என்று முன்கூட்டியே யோசிக்கத் தெரியும். களைத்தவரை விட்டுவிட்டு முன்னே ஓடக்கூடாது என்பதும் தெரியும். சைக்கிள் ஓட மட்டும் தெரிந்த ஒருவருக்கு இதெல்லாவற்றையும் புதிதாகப் பழக்கவேண்டும்.

நடந்து பார்க்க முடியாத நிலம் ஒன்றும் இருக்கிறது. வடக்கில் பல இடங்கள் வெட்டவெளி. பூநகரி வெளியில் பத்துக் கிலோமீற்றர் நடப்பதென்றால் நிழலில்லாமல் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் அடியார்கள் இதைவிடக் கடும் வெயிலில் நடக்கிறார்கள். அது நேர்த்தி, அதன் பலம் வேறு. எங்களைப் போன்றவர்கள் அந்த வெளியைக் காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடந்துபோகிறோம், ஒன்றையும் காணாமல். சைக்கிளில் அதே பத்துக் கிலோமீற்றர் முக்கால் மணித்தியாலம். நெல் வாசம் வருகிறது, கொக்கு பறக்கிற சத்தம் கேட்கிறது, வெயில் ஏறுவதற்குள் அடுத்த மரத்தடிக்குப் போய்விடலாம்.

சைக்கிள் எங்களுக்குப் புதிதா என்று கேட்பீர்கள். 1990 இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் நின்றபோது குடாநாடே சைக்கிளில் ஏறியது. விறகு, வெங்காயம், கலியாணச் சாமான், பெரியாஸ்பத்திரிக்குப் போகும் நோயாளி, எல்லாம் கரியரில்தான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துத் தைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்டோம். தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகியதும் அந்த ஆண்டுகளில்தான். அதைப் பத்திரிகைகள் வியந்து எழுதின, அது நியாயம். வெள்ளைச் சீருடையோடு ஷெல்லுக்கும் பொம்பருக்கும் இடையில் ரியூசனுக்கு உழக்கிய எங்களைப் பற்றி ஒருவரும் வியக்கவில்லை. எங்களுக்கே அது வியப்பாகத் தெரியவில்லை. பிறகு ஸ்கூட்டி வந்தது, கார் வந்தது, வெளிநாடு வந்தது. கஷ்டகாலத்துச் சாமானோடு சாமானாகச் சைக்கிளும் கொட்டிலுக்குள் போனது.

எங்கள் ஆறு பேரில் ஒருத்தி, பெயர் வேண்டாம் என்றிருக்கிறாள், சைக்கிள் என்ற பேச்சை எடுத்தாலே எழும்பிப் போய்விடுவாள். அவளுக்குச் சைக்கிள் என்றால் 1995 ஒக்ரோபர் 30 இரவு. வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்ட அந்த இரவில் நாவற்குழிப் பாலத்தில் ஒருவரும் சைக்கிள் ஓடவில்லை. ஓட இடமிருக்கவில்லை. மழைக்குள், இருட்டுக்குள், மூட்டையும் முதியவர்களும் ஏற்றிய சைக்கிள்களை அங்குலம் அங்குலமாகத் தள்ளினோம். சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நாங்கள். அவளுடைய சைக்கிளில் அம்மம்மா இருந்தார். மேலே சொல்ல அவள் விரும்பவில்லை, நாங்களும் கேட்டதில்லை.

அவளைத் திரும்பச் சைக்கிளில் ஏற்றியது அவளுடைய முழங்கால். சிவனொளிபாதமலையில் ஏறுவது மூச்சுக்குக் கஷ்டம், இறங்குவதுதான் முழங்காலுக்குக் கஷ்டம். படி இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் நிறையின் மூன்று மடங்குக்கும் மேலான சுமை முழங்கால் மூட்டில் விழுகிறது. முதுகில் பத்துக் கிலோப் பையும் இருந்தால் கணக்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சைக்கிளில் உடல் நிறையைச் சீற் தாங்குகிறது, பையைக் கரியர் தாங்குகிறது, மூட்டுக்கு வரும் சுமை நடப்பதைவிடக் குறைவு. எங்களோடு வராமல் வீட்டில் நிற்பதா, சைக்கிளில் ஏறுவதா என்று வந்தபோது அவள் ஏறினாள். முகத்தை நீட்டிக்கொண்டுதான் ஏறினாள்.

எங்கள் முதல் நெடும்பயணம் மன்னாருக்கு. ஏ9 வீதியைத் தவிர்த்துவிட்டோம். அங்கே பஸ்களும் லொறிகளும் ஓடும் வேகத்தில் சைக்கிள்காரருக்கு மரியாதை இல்லை. நாவற்குழியில் பிரியும் ஏ32 வீதி தனங்கிளப்பு, கேரதீவு, சங்குப்பிட்டி, பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம் என்று மேற்குக் கரையோரமாகப் போகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து 110 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. வேகமாகப் போகிறவர்கள் ஒரே நாளில் முடிப்பார்கள். நாங்கள் முழங்காவிலில் தெரிந்த வீட்டில் ஓர் இரவு தங்கினோம்.

நாவற்குழிப் பாலத்தடிக்கு வந்ததும் அவள் இறங்கினாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். மற்ற ஐந்து பேரும் ஒன்றும் பேசாமல் இறங்கித் தள்ளினோம். பாலம் முடிந்ததும் ஏறி, “வாங்கோ, வெயில் ஏறப்போகுது” என்று எங்களை முந்திப் போய்விட்டாள். சங்குப்பிட்டி வரைக்கும் அவளைப் பிடிக்க முடியவில்லை.

அந்தப் பாலம் 2011 இல் திறக்கப்பட்டது. முன்பு அதில் பாதை ஓடியது. போர்க்காலத்தில் அது நின்று, சனம் இரவிரவாகக் கிளாலிக் கடலால் படகில் போனது, சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு. இப்போது பாலத்தின் நடுவில் காலை ஊன்றி நின்று இரண்டு பக்கத் தண்ணீரையும் பார்க்கலாம். தைமாதத்தில் பூநகரி வெளியில் அறுவடை. வீதியின் அரைவாசியில் நெல் காயும், அதைச் சுற்றித்தான் ஓடவேண்டும். மொட்டைக்கறுப்பன் அரிசிமாப் பிட்டை அந்த மண்ணில் வைத்தே சாப்பிட்டோம். ஐம்பது கிலோமீற்றர் உழக்கிவிட்டுச் சாப்பிடும் பிட்டுக்கு நீரிழிவு பற்றிய எச்சரிக்கையை நாங்கள் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறோம்.

வழியில் ஓர் அம்மா படலையடியில் நின்று மறித்தார்.

“எங்கையிருந்து வாறியள் பிள்ளையள்?”

“யாழ்ப்பாணத்திலையிருந்து, அம்மா.”

“ஏன், பஸ் ஓடேல்லையே?”

“ஓடுது. நாங்கள் சும்மா வந்தனாங்கள்.”

அந்தச் “சும்மா”வை அவரால் நம்பமுடியவில்லை. ஆனாலும் மோர் கரைத்துத் தந்தார். மலையில் இப்படி நடப்பது குறைவு. மலைநடையில் நாம் சனத்தை விட்டு விலகிப் போகிறோம், அதற்காகவே போகிறோம். சைக்கிளில் ஊர்களுக்கு நடுவால் போகிறோம், எந்தப் படலையடியிலும் நிற்கலாம்.

மலைநடைக்காரருக்கு ஏற்றம் எதுவோ, சைக்கிள்காரருக்குக் காற்று அது. பலர் இதை எதிர்பார்ப்பதில்லை. சமதரைதானே, சுகம் என்று நினைக்கிறார்கள். சோளகம் வீசும் மாதங்களில் மன்னாரை நோக்கிப் போனால் மணிக்குப் பதினைந்து கிலோமீற்றர் போகிறவர் எட்டுக்கு இறங்கிவிடுவார், இறக்கம் என்று ஒன்று வரவே வராது. தையில் வாடை வடகிழக்கிலிருந்து வந்து முதுகில் கைவைத்துத் தள்ளும். எங்கள் பேரன்மார் பாய்க்கப்பலுக்குப் பார்த்த கணக்கை நாங்கள் சைக்கிளுக்குப் பார்க்கிறோம். திரும்பும்போது என்ன செய்தீர்கள் என்று கேட்பீர்கள். சைக்கிள்களைப் பட்டா ஒன்றில் ஏற்றிவிட்டு பஸ்ஸில் வந்தோம். இரண்டு பக்கமும் ஓடினால்தான் பயணம் என்று ஒரு சட்டமும் இல்லை.

இரண்டாம் நாள் திருக்கேதீச்சரத்தில் கும்பிட்டு, மன்னார்த் தாம்போதியில் ஏறியபோது தண்ணீரில் பூநாரைகள் நின்றன. காரில் போனால் அவை வெறும் இளஞ்சிவப்புக் கோடு. நாங்கள் முக்கால் மணித்தியாலம் நின்றோம்.

இனி வைத்தியர் பேசவேண்டிய இடம். யாழ்ப்பாணத்தில் சீற்றைப் பதித்து, இரண்டு காலும் நிலத்தில் படும்படி ஓடித்தான் பழகியிருக்கிறோம். சந்தைக்குப் போக அது போதும். நெடுந்தூரத்துக்கு அது முழங்காலின் முன்பக்கத்தை நோகச்செய்யும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும் உயரம் வேண்டும். கைவிரல்கள், குறிப்பாகச் சுண்டுவிரல், விறைத்தால் ஹான்டிலில் சாய்ந்து நரம்பை அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம், பிடியை மாற்றுங்கள். இன்சுலின் அல்லது சீனியைக் குறைக்கும் குளிசை எடுப்பவர்கள் உங்கள் வைத்தியரோடு அளவைப் பற்றிக் கதைத்துவிட்டு வாருங்கள், பொக்கற்றில் குளுக்கோஸ் வைத்திருங்கள். வெயிலுக்குத் தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் வேண்டும். ஜீவனிப் பக்கற் இரண்டு, இல்லாவிட்டால் உப்புப் போட்ட மோர். தலைக்கவசம் போடாமல் எங்களோடு ஒருவரும் வரமுடியாது. விபத்துப் பிரிவில் வேலை செய்த இருவர் குழுவில் இருப்பதால் இதில் பேச்சுக்கு இடமில்லை.

நடையை விட்டுவிடும்படி நாங்கள் சொல்லவில்லை. சைக்கிள் எலும்புக்குப் போதிய சுமை கொடுப்பதில்லை. மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கும் எங்களுக்கு எலும்பு பலமாக இருக்க நடையும் வேண்டும், ஏற்றமும் வேண்டும். மலைநாட்டில் சைக்கிள் ஓடும் ஆசையை முதல் ஆண்டிலேயே வைத்துக்கொள்ளவும் வேண்டாம். இறக்கத்தில் பிறேக் சூடேறுவதும், வளைவில் பஸ் வருவதும் பழகாதவருக்கு ஆபத்து.

விலைகூடிய சைக்கிள் தேவையில்லை. கியர் உள்ள, உறுதியான கரியர் பூட்டிய ஒன்று போதும். மாற்று ரியூப் இரண்டு, பம், ஒட்டுப் போடும் சாமான் கொண்டுவாருங்கள். மறந்தாலும் பெரிய சந்திகளில் திருத்தும் கடை இருக்கும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தங்கள் சைக்கிளை விமானத்தில் ஏற்றி அலைய வேண்டாம், இங்கே இரவல் வாங்கித் தருகிறோம்.

அடுத்த பயணம் தைப்பொங்கலுக்குப் பிறகு வரும் சனிக்கிழமை. காலை ஐந்தரைக்கு நாவற்குழிச் சந்தி. வருகிறவர்கள் உயரத்தை முன்கூட்டியே அறிவியுங்கள், சீற்றைச் சரிசெய்து வைக்கவேண்டும். பாலத்தைத் தள்ளிக்கொண்டு கடக்க விரும்புகிறவர்கள் கால் மணித்தியாலம் முந்தி வாருங்கள்.