நகரம் வளர்கிறது, நமக்கு வருவது என்ன?

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் கிளைச் செயலாளரான தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

நம் கூட்டங்களில் சம்பளம், போனஸ், மழை நாள் கூலி ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறோம். அவை பேச வேண்டியவையே. இன்று நான் நகராண்மைக் கழகத்தைப் பற்றிப் பேச அனுமதி கேட்டிருக்கிறேன். "நாமோ தோட்டத்து ஆட்கள். பட்டணத்துக் காரியம் நமக்கெதற்கு?" என்று சிலர் கேட்கலாம். பட்டணம் நம்மிடம் கேட்டுக்கொண்டா வருகிறது? அது தானாகவே வந்துகொண்டிருக்கிறது. ஆகவேதான் பேச வேண்டியிருக்கிறது.

சுங்கை பட்டாணியைப் பாருங்கள். அது அடங்கிய கோல மூடா மாவட்டத்தின் ஜனத்தொகை 2020-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 5 லட்சத்தைத் தாண்டிவிட்டது. கூலிமில் 1996-ல் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. பீடோங், பாடாங் செராய், லூனாஸ் பக்கமெல்லாம் நேற்றுவரை பால்மரம் நின்ற இடங்களில் இன்று தாமான் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. வளர்ச்சி வேண்டாமென்று நான் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் அந்தத் தொழிற்சாலைகளில்தான் வேலை செய்கிறார்கள். ஆனால் தாமானில் எரிகிற தெருவிளக்கு, அடுத்திருக்கும் லயத்தில் ஏன் எரியவில்லை? தாமானில் வெட்டிய கால்வாய் தோட்டத்து எல்லையோடு ஏன் நின்றுவிடுகிறது? கேட்டால், "அது தனியார் நிலம்" என்று ஒரே பதில். நிலம் தனியாருடையது, சரி. அதில் குடியிருக்கும் மனிதனும் தனியாருடையவனா?

தோழர்களே, நம் பக்கத்து ஊரின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். பினாங்கில் ஜார்ஜ் டவுன் முனிசிபல் கவுன்சிலுக்கு 1951-ம் ஆண்டு டிசம்பரில் தேர்தல் நடந்தது. 1957-ம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அது மாநகரமாயிற்று. அதன் முதல் மேயர் யார் தெரியுமா? தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன். ஆசிரியராக இருந்த ஒரு தமிழர். அந்தக் காலத்தில் அம்மாநகரத்துக்கு மின்சாரம் கொடுத்ததும், தண்ணீர் கொடுத்ததும், பஸ் ஓட்டியதும் நகர மன்றமே. குழாயில் தண்ணீர் வராவிட்டால் யாரைக் கேட்பது என்று ஜனங்களுக்குத் தெரியும். ஓட்டுக் கேட்டு வீட்டு வாசலுக்கு வந்த அபேட்சகரைத்தான் கேட்பார்கள். அடுத்த தேர்தலில் மறுபடியும் அதே வாசலுக்கு வர வேண்டுமே என்ற பயம் அவருக்கும் இருந்தது.

அந்தப் பயம் 1965-ம் ஆண்டு மார்ச் மாதத்தோடு போய்விட்டது. இந்தோனேசியாவுடன் ஏற்பட்ட மோதலைக் காரணங்காட்டி ஊராட்சி மன்றத் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. மோதல் 1966-ல் தீர்ந்தது, தேர்தல் திரும்பவில்லை. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணைக் குழு, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதை அரசாங்கம் ஏற்கவில்லை. 1976-ம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கே முடிவு கட்டிவிட்டது. பினாங்கு அரசு 2012-ல் தனிச் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014-ல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு இடமில்லை என்று தீர்ப்பளித்தது. இன்று கவுன்சிலர்களை மாநில அரசே நியமிக்கிறது. 21 வயதானவருக்கே ஓட்டு இருந்த அக்காலத்தில் ஊராட்சி மன்றத்துக்கு ஓட்டுப் போட்டவர் எவரும் இன்று எண்பதைத் தாண்டியவராகவே இருப்பார். அவருக்குப் பின் பிறந்த நமக்கெல்லாம் அந்த ஓட்டு கிடைத்ததே இல்லை.

சரி, ஓட்டு இல்லை. கைகட்டி உட்கார்ந்துவிடலாமா? கூடாது. சட்டத்தில் இன்னும் சில வழிகள் இருக்கின்றன. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது: யாரிடம் கேட்பது என்று தெரிந்துகொள்ளுங்கள். கால்வாய், தெருவிளக்கு, சந்தை, அங்காடிக் கடை லைசென்ஸ் ஆகியவை ஊராட்சி மன்றத்தின் காரியம். குப்பை அப்படியல்ல. 2011 முதல் கெடாவில் குப்பை அள்ளுவது கூட்டரசுத் திடக்கழிவுச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. தவறான கதவைத் தட்டினால் ஆறு மாதம் வீணாகும். நம் லயம் எந்த மன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறது என்பதையும் வரைபடத்தில் பார்த்து வைக்க வேண்டும். எல்லைக்கு உள்ளே இருந்தால், "உங்கள் எல்லைக்குள் இருக்கும் மனிதர்கள் நாங்கள்" என்று தைரியமாகப் பேசலாம்.

இரண்டாவது: ஊராட்சிச் சட்டத்தின் 23-வது பிரிவின்படி மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் திறந்தவை. மன்றமே வேறு தீர்மானம் போட்டால்தான் கதவை அடைக்கலாம். நம்மில் எத்தனை பேர் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறோம்? மாதம் இரண்டு பேர் போய் உட்காரட்டும். எந்தச் சாலைக்குப் பணம் ஒதுக்குகிறார்கள், எந்தச் சாலையை விட்டுவிடுகிறார்கள் என்று குறித்து வரட்டும். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் பேசுகிறவரின் குரலும் மாறும்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். ஒரு தோட்டம் தாமானாக மாறுவது புல்டோசர் வருகிற அன்று முடிவாகும் காரியமல்ல. அதற்கு வெகுகாலம் முன்பே, "ரஞ்சாங்கான் தெம்பாத்தான்" என்னும் உள்ளூர்த் திட்ட வரைபடத்தில் அந்த நிலத்தின் நிறம் மாறிவிடுகிறது. 1976-ம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி அத்திட்டத்தின் நகலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபம் சொல்ல நான்கு வாரத்துக்குக் குறையாமல் அவகாசமும் கொடுக்க வேண்டும். அந்த நான்கு வாரத்தில் நாம் என்ன செய்கிறோம்? பட்டணத்துக் கடைக்காரர் போய்ப் பார்க்கிறார். வீடமைப்புக் கம்பெனிக்காரர் போய்ப் பார்க்கிறார். தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் குடியிருப்பவன் மட்டும் போவதில்லை. நம் லயம் எங்கே, கோயில் எங்கே, தமிழ்ப்பள்ளி எங்கே, இடுகாடு எங்கே என்று அந்த வரைபடத்தில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அப்போதே எழுத்தில் கொடுங்கள். மரங்களைச் சாய்த்த பிறகு கொடி பிடித்துக் கூட்டம் போட்டால், அனுதாபம் கிடைக்கலாம், வீடு கிடைக்காது.

இங்கே கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. நாம் நாளெல்லாம் செக்ரோல் எழுதுகிறோம், துரைமார்களுக்காக மலாயிலும் ஆங்கிலத்திலும் கடிதம் எழுதுகிறோம். அந்தக் கையால் நம் ஜனங்களுக்காக ஓர் ஆட்சேப மனு எழுத முடியாதா? பால் வெட்டுகிறவருக்கு விஷயம் தெரியும். நமக்கு மனு எழுதத் தெரியும். இரண்டும் சேராமல் இருப்பது நம் குறையே.

முடியாத காரியம் என்று எவரும் சொல்ல வேண்டாம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-ல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் எது? நம் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம்! துண்டு போட வந்தவர்களிடமிருந்து தோட்டத்தையே விலைக்கு வாங்கியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். நாம் வரைபடத்தைப் பார்க்கப் போவதற்கா பயப்படுவது?

நாளை ஊராட்சித் தேர்தல் திரும்பினால், ஓட்டுக் கேட்டு வருகிற அபேட்சகர் எந்தக் கட்சியாயினும், "நகரத்தை வளர்ப்பேன்" என்பார். அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "ஐயா, உங்கள் நகரத்தின் கால்வாயும் விளக்கும் எந்த இடத்தில் முடிகின்றன?" அதுவரை அதே கேள்வியை நியமிக்கப்பட்ட கவுன்சிலரிடம் எழுத்து மூலம் கேட்போம். மன்றக் கூட்டத்துக்குப் போகவும் வரைபடத்தைக் கவனிக்கவும் இந்தக் கிளை ஒரு பால்வெட்டுத் தொழிலாளியையும் ஒரு கிராணியையும் இன்றே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கையைத் தூக்குங்கள்.