போவேயில் தொடங்குங்கள்



பிரான்சில் வாடகைக் கார் எடுத்து, பழைய பேராலயங்களைப் பார்த்துவர நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை சொல்வேன்: முதலில் போவே நகருக்குப் போங்கள். பாரிசிலிருந்து வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அங்குள்ள புனித பேதுரு பேராலயம் இன்றுவரை கட்டி முடிக்கப்படாதது. பீடப் பகுதியின் கல் கூரை சுமார் 48 மீட்டர் உயரம். கோதிக் பாணிக் கூரைகளில் இதை மிஞ்சியது இல்லை. 1284இல் அதில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. திரும்பக் கட்டினார்கள். பிறகு 150 மீட்டருக்கும் மேல் ஒரு கோபுரம் எழுப்பினார்கள். 1573இல் அதுவும் சரிந்தது. மக்கள் நிற்கவேண்டிய நீண்ட கூடம் எழும்பவே இல்லை. உள்ளே இன்றும் மரமும் இரும்பும் முட்டுக்கொடுத்து நிற்கின்றன.

கோதிக் கட்டடக் கலையின் துணிச்சலும் ஆபத்தும் இங்கேதான் வெளிப்படையாகத் தெரியும். வளைந்த கல் கூரை தன் பாரத்தால் சுவர்களை வெளிப்பக்கமாகத் தள்ளும். அந்தத் தள்ளலை வெளியே நிற்கும் தாங்குவளைவுகள் வாங்கித் தரையில் இறக்குகின்றன. சுவரின் சுமை குறைந்தது; அதைத் திறந்து கண்ணாடி பதிக்க வழி பிறந்தது. எந்தப் பேராலயமானாலும் வாசலில் நுழையுமுன் வெளியே ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

போவேயைப் பார்த்த கண்ணோடு ஷார்த்ர் செல்ல வேண்டும். பாரிசுக்குத் தென்மேற்கே, கோதுமை விளையும் போஸ் சமவெளியில் இருக்கிறது. ஊர் தெரியுமுன்பே உயரம் ஒவ்வாத இரண்டு கோபுரங்கள் வயலுக்கு மேலே தெரியும். தெற்கிலிருப்பது 12ஆம் நூற்றாண்டின் எளிய கோபுரம். வடக்குக் கோபுரத்தின் உச்சியோ 16ஆம் நூற்றாண்டின் நுணுக்கச் செதுக்கல். பெந்தெகொஸ்தே நாட்களில் பாரிசிலிருந்து நடந்தே வரும் திருப்பயணிகளுக்கு இந்தக் காட்சி மணிக்கணக்கில் கிடைக்கிறது. காரில் போகிறவர்கள் ஓரமாக நிறுத்தியாவது பாருங்கள்.

இந்த ஆலயத்தின் பெரும்பகுதி 1194ஆம் ஆண்டுத் தீவிபத்துக்குப் பிறகு எழுந்தது. இரண்டாம் உலகப் போர் நெருங்கியபோது கண்ணாடிகளைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். அதனால்தான் 12, 13ஆம் நூற்றாண்டுக் கண்ணாடிகள் பெருமளவில் நமக்கு மிஞ்சின. ஒரு சிறிய பைனாகுலர் கொண்டுபோங்கள். பல சாளரங்களின் அடிக்கட்டங்களில் ரொட்டி சுடுபவர், செருப்புத் தைப்பவர், தண்ணீர் சுமப்பவர், தச்சர் என்று உழைக்கும் மக்கள் இருக்கிறார்கள். அரசர்களும் புனிதர்களும் நிறைந்த சுவரில் அவர்களுக்கும் இடம் கிடைத்ததை நினைத்தால் மனம் நிறைகிறது.

ஒரே நாளில் மூன்று நான்கு ஆலயங்கள் என்று ஓடுவதை நான் ஏற்கமாட்டேன். கண் இருட்டுக்குப் பழகவே சில நிமிடம் வேண்டும். ஷார்த்ரில் மேற்கு வாசலுக்கு மேலுள்ள பழைய சாளரங்களின் நீலம், பிற்பகல் வெயில் சாயும்போதுதான் முழுதாக ஒளிரும். வடக்குச் சாளரங்களில் நேரடி வெயில் குறைவாகவே விழும்; அவற்றுக்கு வேறொரு அமைதி. இடையில் திருப்பலி நடந்தால் சுற்றித் திரியாமல் ஒரு நாற்காலியில் உட்காருங்கள், எந்தச் சமயத்தவரானாலும். பாட்டு ஒலிப்பதற்காகவும் கட்டிய இடம் அது.

ஷார்த்ர் தரையில் சுமார் 13 மீட்டர் அகலத்தில் ஒரு சுழல்பாதை பதித்திருக்கிறார்கள். பெரும்பாலான நாட்களில் அதன்மேல் நாற்காலிகள் கிடக்கும். கோடைகால வெள்ளிக்கிழமைகளில் அவற்றை அகற்றி, நடக்க விடுகிறார்கள். உங்கள் பயணத்தில் ஷார்த்ர் ஒரு வெள்ளிக்கிழமையில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.